அலுவலகக் கணினிகள் இரவில் சும்மா கிடக்கின்றன. மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஐபிஎம் 2004இல் தொடங்கிய வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் இதற்கென்றே உள்ளது: சும்மா இருக்கும் கணினிகளுக்கு இணையம் வழியாக ஆராய்ச்சிக் கணக்குகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் அது. இப்போது அதை நடத்துவது டொராண்டோவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிறுவனம். பாயிங்க் (BOINC) என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. பலன் கண்கூடு: 30 லட்சம் சேர்மங்களை இப்படிச் சலித்துத்தான், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்கு எதிரான 7 சேர்மங்களை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

முதலில் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். அலுவலக சர்வர்களைத் தொடாதீர்கள்.

பலரும் சறுக்குவது குளோன் செய்வதில். ஒரு கணினியைத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, அந்த டிஸ்க்கையே மற்ற கணினிகளுக்கும் நகலெடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண் போய்விடும். இரண்டாவது கணினி வேலை கேட்கும்போது, முதல் கணினியிடம் இருக்கும் வேலையைக் 'கைவிடப்பட்டது' என்று திட்டத்தின் சர்வர் குறித்துவிடக்கூடும். இரவெல்லாம் போட்ட கணக்கு வீண். நகலில் மென்பொருள் மட்டும் இருக்கட்டும். திட்டத்தில் சேர்ப்பதைக் கணினிக்குக் கணினி தனியாகச் செய்யுங்கள்.

அடுத்தது வேலைக் கையிருப்பு, அதாவது எத்தனை நாளுக்கான வேலையைக் கணினி முன்கூட்டியே வாங்கி வைக்கிறது என்பது. 0.1 நாள், கூடுதலாக 0.5 நாள் என்று இருப்பதை மாற்ற வேண்டாம். ஆசைப்பட்டு 10 நாள் என்று வைத்தால், இரவில் மட்டும் ஓடும் கணினி கெடுவுக்குள் முடிக்காது. அதே வேலை வேறொருவருக்குப் போய்விடும், ஆராய்ச்சியாளர் காத்திருப்பார்.

'நிறுத்தியிருக்கும்போது வேலையை நினைவகத்திலேயே வைத்திரு' என்பதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் யாராவது மவுஸை அசைத்ததும், கடைசியாகச் சேமித்த இடத்துக்கே கணக்கு பின்னால் போகும். விண்டோஸ் ஸ்லீப் மோடை அணைக்க மறக்காதீர்கள். கணினி தூங்கினால் கணக்கும் நின்றுவிடும்.

அலுவலக நெட்வொர்க்கில் இணையத்துக்கு நடுவே நிற்கும் பிராக்ஸி சர்வர், மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்தால் சான்றிதழ்ப் பிழை வரும், ஏனென்றால் பாயிங்க் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலையே நம்புகிறது. அந்தத் திட்டத்தின் முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

இரவில் ஏசி ஓடாத அலுவலகம் என்றால் சூடு ஏறாமலிருக்க, பிராசஸரின் பாதி கோர்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். மின்கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கணினிக்கு 50 வாட் கூடுதல் என்று வைத்தால், 12 மணி நேரத்துக்கு 0.6 யூனிட், 40 கணினிக்கு இரவுக்கு 24 யூனிட். ப்ளக்கில் மாட்டும் மீட்டரால் ஒரு கணினியை அளந்து, உங்கள் உண்மையான எண்ணோடு அனுமதி கேளுங்கள்.