டிவிடி கையில் இருந்தால் படம் போட்டுவிடலாமா?

கேள்வி: ஷெஃபீல்டில் முதுகலை படிக்கிறேன். எங்கள் மாணவர் சங்கத்தில் 'ஃபோர் லயன்ஸ்' திரையிட ஆசை. டிவிடி இருக்கிறது, டிக்கெட் கிடையாது. தீவிரவாதிகளைப் பற்றிய படம் என்பதால் போலீஸ் பிரச்சினை வருமா?

பதில்: நீங்கள் பயப்படுவது பயங்கரவாதச் சட்டத்துக்கு, பயப்பட வேண்டியதோ காப்புரிமை (காபிரைட்) சட்டத்துக்கு. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டம் பயங்கரவாதத்துக்கு ஊக்கமளிப்பதைக் குற்றமாக்குகிறது. கிறிஸ் மோரிஸ் 2010இல் எடுத்த இந்த நகைச்சுவைப் படத்தின் கதை உங்கள் ஊரிலேயே நடப்பது. யாரும் பின்தொடரக் கூடாதென்று சிம் கார்டை விழுங்குகிறவர்களையும், வெடிமருந்தோடு ஓடும்போது ஆடு தடுக்கி விழுந்து சிதறுகிறவனையும் பார்த்து யாருக்கு ஊக்கம் வரும்? 15 வயதுச் சான்றிதழும், பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவும் பெற்ற படம். அந்தக் கவலையை விடுங்கள்.

டிவிடி வாங்கியது வீட்டில் பார்க்க மட்டும். சங்கத்தில் போட்டால் அது பொதுத் திரையிடல். இலவசம், உறுப்பினர்கள் மட்டும் என்பதெல்லாம் செல்லாது. நெட்ஃபிளிக்ஸ் கணக்கை புரொஜெக்டரில் இணைப்பதும் அப்படித்தான். ஒற்றைப் படத் திரையிடல் உரிமம் வாங்க வேண்டும். திரையிடல் உரிமம் தரும் நிறுவனங்களான ஃபில்ம்பேங்க்மீடியா, எம்பிஎல்சி இரண்டிலும் படத்தின் பெயரைத் தேடிப் பார்த்து, உரிமை யாரிடம் இருக்கிறதோ அங்கே நேரடியாக விண்ணப்பியுங்கள். டிக்கெட் வைப்பீர்களா, வெளியாருக்கு விளம்பரம் செய்வீர்களா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும், அதை மறைக்காதீர்கள்.

'எல்லா லைசென்ஸும் நான் எடுத்துத் தருகிறேன்' என்று வாட்ஸாப்பில் வருகிறவரிடம் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். யாரோ ஒரு கிளப்புக்கு எடுத்த பொது உரிமத்தின் பிடிஎஃப்பை அனுப்பிவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். உரிமத்தில் படத்தின் பெயர், தேதி, உங்கள் அரங்கத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் காகிதம்.

'கல்லூரிக்கு விலக்கு உண்டே' என்று யாராவது சொல்வார்கள். உண்டு, 1988 காப்புரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. ஆனால் அது பாடத்துக்கு. பேராசிரியர் அங்கத நகைச்சுவை பற்றிய வகுப்பில், ஆசிரியர், மாணவர் முன்னால் போட்டுக் காட்டினால் உரிமம் வேண்டாம். அதே வகுப்பறை, அதே பேராசிரியர், ஆனால் வெள்ளிக்கிழமை மாலை சமோசாவோடு சங்கக் கூட்டம் என்றால் விலக்கு போயிற்று. பாடமாகவே இருந்தாலும், அறைத் தோழரின் அண்ணன் வந்து உட்கார்ந்தால் போயிற்று. பெற்றோர் என்ற காரணம் மட்டும் போதாதென்று சட்டமே தனியாகச் சொல்கிறது.

அரங்கம் பதிவு செய்யும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். யாரும் பயங்கரவாதத்துக்கு இழுக்கப்படாமல் பல்கலைக்கழகங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற, 2015 பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் 'பிரிவென்ட்' கடமையைக் காட்டி, அங்குள்ள அலுவலர்கள் கதைச்சுருக்கத்தில் 'தற்கொலைப் படை' என்ற சொல்லைக் கண்டதுமே கோப்பை ஓரங்கட்டுவார்கள். படத்தைப் பார்க்கச் சொன்னால் நேரமில்லை என்பார்கள். படிவம் நிரப்பச் சொல்ல மட்டும் நேரம் இருக்கும். ஆண்டு, சான்றிதழ், விருது, உரிம எண் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

டிவிடியை இந்தியாவில் வாங்கியிருந்தால் உறையைப் பாருங்கள். எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைக் காட்டும் மண்டல எண் இந்தியாவுக்கு 5, பிரிட்டனுக்கு 2. பிரிட்டன் பிளேயரில் ஓடாமல் போகலாம். முந்தின நாளே அரங்கத்தின் பிளேயரில் போட்டுப் பாருங்கள்.