மாவுக்கட்டுடன் தவழ ஒரு சக்கரப் பலகை

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்ததால் அறுவை சிகிச்சை செய்து, மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் இருக்க வேண்டுமாம். ஓடியாடிய குழந்தை விட்டத்தைப் பார்த்துப் படுத்தபடி அழுகிறாள். நடைவண்டியோ வாக்கரோ வாங்கித் தரலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். தொடை எலும்பின் பந்து முனை இடுப்புக் கிண்ணத்துக்குள் நிலைத்து, சுற்றியுள்ள திசுக்கள் இறுகும்வரை கால்களை மடக்கி விரித்து வைத்திருக்கவே இந்தக் கட்டு போடப்படுகிறது. அந்த நிலையில் அவளால் காலை ஊன்ற முடியாது; கட்டின் எடையும் சேர்ந்து வண்டியோடு கவிழ்ந்தால் தலையில் அடிபடும். கட்டில்லாத குழந்தைகளுக்கே வாக்கர் ஆபத்தானது என்று கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

ஆனாலும் உங்கள் மகள் மூன்று மாதமும் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. அவளுடைய கைகள் கட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன; அவற்றைக் கொண்டே நகர்வதற்கு, குப்புறப் படுத்துத் தள்ளிச் செல்லும் தாழ்வான சக்கரப் பலகையைத்தான் நான் பெரிதும் விரும்பிச் சொல்வேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின் உள்ளூர்த் தச்சரிடமே செய்துகொள்ளலாம். கைகள் இருபுறமும் தாராளமாகத் தொங்கும்படி முன்பக்கம் குறுகலாகவும், விரிந்த கால்களைத் தாங்கும்படி பின்பக்கம் அகலமாகவும் பலகை இருக்க வேண்டும். முழங்கை சற்றே மடங்கிய நிலையில் உள்ளங்கை தரையில் படுவதுதான் சரியான உயரம். எல்லாப் பக்கமும் திரும்பும் நான்கு சக்கரங்களை, விரல் சிக்காதவாறு ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். கட்டின் மேல்விளிம்பு மார்பில் அழுத்தாமலிருக்க மெத்தென்ற விரிப்பும், சரியாமலிருக்க ஒரு பட்டையும் வேண்டும். கால்விரல்கள் தரையில் உரசக் கூடாது.

முதல் சில நாள்களில் கதவு நிலைகளில் இடித்துக்கொள்வாள், ஏனெனில் தன் கால்கள் எவ்வளவு அகலமாகிவிட்டன என்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே வாசற்படி, மாடிப்படிப் பக்கம் அடைத்துவிட்டு, கூந்தல் சக்கரத்தில் சிக்காதபடி உச்சியில் முடிந்து, பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் குப்புறப் படுக்க வைக்காதீர்கள். பலகையில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் இரு கால்களுக்கும் நடுவே குறுக்குக் கட்டை இருந்தால் அதைக் கைப்பிடிபோலப் பிடித்துத் தூக்கவே கூடாது; அது முறிந்தால் கட்டே பயனற்றுப்போகும். ஒரு கை மார்புக்கும் மற்றொன்று இடுப்புக்கும் அடியில் இருக்கட்டும்.

வெளியே செல்ல, நன்றாகச் சாய்க்கக்கூடிய, பக்கத் தடுப்பு அகலமான தள்ளுவண்டி போதும். இருசக்கர வாகனத்தில் மட்டும் கொண்டுசெல்லாதீர்கள்.

ஒவ்வொரு முறை இறக்கியதும் கால்விரல்களைத் தொட்டுப் பாருங்கள். அவை குளிர்ந்தோ, நீலம் பாரித்தோ, வீங்கியோ, அசையாமலோ இருந்தாலும், வயிறு உப்பி மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலும், காய்ச்சலோடு கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம் வந்தாலும், மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டைப் பிரித்ததும் அவள் எழுந்து ஓடிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். மூட்டுகள் விறைத்திருக்கும், தசைகள் மெலிந்திருக்கும். தானாகத் தவழ்ந்து, பிடித்து நின்று, நடக்கப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை அந்தப் பலகையை அவள் கண்ணிலிருந்து எடுத்து வைத்துவிடாதீர்கள்.