'குழுவினர்' என்று ஒருவர் இல்லை

கேள்வி: வளரும் கலைஞர்களை வெளியே கொண்டுவருவதுதான் சிறு பத்திரிகைகளின் வேலை என்று தலையங்கத்தில் எழுதுகிறீர்கள். உங்கள் மார்கழிச் சிறப்பிதழ் 64 பக்கம். அதில் நாதஸ்வரத்துக்கு அரைப் பக்கம். அட்டையில் வழக்கம்போல ஒரு மூத்த பாடகி. எனக்கு வயது 26. நானும் என் தம்பியும் ஒன்பது வருடமாக வாசிக்கிறோம். அட்டைப்படம் போட எவ்வளவு கேட்பீர்கள்? நேராகச் சொல்லிவிடுங்கள்.
— ஓர் இளம் நாதஸ்வரக் கலைஞர், கும்பகோணம் பக்கத்திலிருந்து

பதில்: அரைப் பக்கம் என்று நீங்கள் சொன்னது தாராளக் கணக்கு. எடுத்துப் பார்த்தேன், அதிலும் பாதி படம்.

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். அட்டை விலைக்கு இல்லை. பின்னட்டை உண்டு, அதைப் பட்டுப்புடவைக் கடைக்காரர் வாங்குகிறார். நீங்கள் வாங்கினால் உங்கள் படத்துக்கு மேல் 'விளம்பரம்' என்று போட்டுவிடுவோம். அது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறீர்களா? படம்தான் ஏற்கெனவே ஃப்ளெக்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறதே. நீங்கள் என்ன வாசித்தீர்கள், எப்படி வாசித்தீர்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதத்தான் ஆள் இல்லை.

டிசம்பரில் வருகிற சபாச் செய்தி எதையாவது எடுத்துப் படியுங்கள். 'மங்கள இசையுடன் விழா இனிதே தொடங்கியது.' குத்துவிளக்கு ஏற்றியவரின் பெயர் இனிஷியலோடும் பதவியோடும் இருக்கும். மங்கள இசை வாசித்தவருக்குப் பெயரே இருக்காது. எங்கள் அரைப் பக்கத்திலும் நாதஸ்வரக்காரர் பெயரைப் போட்டுவிட்டு, மிச்சப் பேரை 'குழுவினர்' என்று முடித்திருக்கிறோம். அந்த வார்த்தையை அனுமதித்தவன் நான்தான்.

நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி இன்றைக்கும் நாலு பேர் கூடினால் பேசுகிறோம். அவருக்கு இசைத்தட்டு இருந்தது. அவர் காலத்தில் வாசித்த மற்றவர்கள்? தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன் பி.எம். சுந்தரம் தேடித் தேடி 'மங்கல இசை மன்னர்கள்' என்று தொகுத்ததால் பலருடைய பெயராவது மிஞ்சியது. அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் காலமானவர்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுதவேண்டியது பத்திரிகைக்காரன் வேலை. அதை நாங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை.

ஒரே ஒரு தடவை செய்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால், வைகாசித் திருவிழா, ஒரு சின்ன ஊர்க் கோயில். புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி முடிந்து, தெற்கு வீதி முனையில் சுவாமியை நிறுத்தியபோது இரவு பதினொன்றரை. பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கேட்க நின்றவர்கள் முப்பது பேர் இருப்பார்கள், சுவாமியைத் தூக்கிவந்த சீர்பாதந்தாங்கிகளையும் சேர்த்து. வாசித்தவருக்கு 22 வயதிருக்கலாம். வாத்தியத்தில் கட்டித் தொங்கிய சீவாளிகளில், அதாவது வாய்வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்து வாயில் நனைத்தார், ஊசியை விட்டு லேசாக நெருடினார், ஊதிப் பார்த்தார், பிடிக்கவில்லை. இன்னொன்று, அதுவும் சரியில்லை. மூன்றாவது சீவாளிதான் பேசியது. அப்புறம் காம்போதி ராகம், முக்கால் மணி நேரம். மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் மூச்சு தவறியது. அதையும் சேர்த்தே ஒரு பக்கம் எழுதினோம்.

படித்துவிட்டுப் பக்கத்து ஊர்க் கோயில் அறங்காவலர் ஒருவர் அவருடைய போன் நம்பரைக் கேட்டார். ஒரே ஒருவர்தான். நாங்கள் அச்சடிப்பது 800 பிரதி, இதற்கு மேல் சொன்னால் புளுகு. இன்னொரு போனும் வந்தது. அன்று தவில் வாசித்தவர். அவர் பெயருக்குப் பதிலாக அவருடைய அண்ணன் பெயரைப் போட்டிருந்தோம். "வாசிச்சதப் பத்தி எழுதாட்டாலும் பரவால்ல சார், பேரையாவது சரியாப் போடுங்க" என்றார். அடுத்த இதழில் திருத்தம் போட்டோம், திருத்தம் எல்லாம் யார் கண்ணில் படும்!

சங்கீத நாடக அகாதெமி 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தருகிற யுவ புரஸ்கார் விருதுக்கு ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஊதுகிற வாத்தியக்காரர் பெயர்! ஆனால் அந்த மாதிரி இடங்களில் உங்கள் பெயரை ஒருவர் சொல்லவேண்டுமென்றால், அவர் உங்களைக் கேட்டிருக்க வேண்டும், இல்லை, உங்களைப் பற்றிப் படித்தாவது இருக்க வேண்டும். தெற்கு வீதி முனைக்கு அவர் வரப்போவதில்லை. 800 பிரதியில் ஒன்று அவர் மேஜைக்குப் போகலாம். எங்களால் ஆகக்கூடியது அவ்வளவுதான். கல்யாண மண்டபங்களில் செண்டை மேளம் வந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கூடவே ஐந்து புகைப்படம் அனுப்பியிருக்கிறீர்கள், வாங்கிய நான்கு பட்டங்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் கற்றீர்கள் என்று ஒரு வரி இல்லை. எந்த ராகத்தை விரும்பி வாசிப்பீர்கள் என்று இல்லை. தவில் யார்? கடைசிப் படத்துக்குப் பின்னால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 'நானும் தம்பியும், மற்றும் குழுவினர்.'

மாசியிலும் பங்குனியிலும் எந்தக் கோயிலில், எத்தனை மணிக்கு வாசிக்கிறீர்கள் என்று எழுதிப் போடுங்கள். தவில்காரர்கள் இரண்டு பேருடைய பெயரும் இனிஷியலோடு வேண்டும். நானே வருகிறேன். பஸ் செலவு எங்களுடையது.