கொல்லிமலைக்கு 125 சிசி வண்டி போதுமா?

கேள்வி: பத்து வருடமாக பைக் ஓட்டுகிறேன். எல்லாம் சமதளச் சாலைதான். மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முதல்முறையாக ஒரு மலைச்சாலைக்குப் போக ஆசை. ஊர் கரூர். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். கொல்லிமலை சரிப்படுமா? என் 125 சிசி வண்டி இழுக்குமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். வண்டி இழுக்கும். நான் கவலைப்படுவது ஏறுவதைப் பற்றி அல்ல, இறங்குவதைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன்.

நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் சேருங்கள். அங்கிருந்துதான் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தால் வெயிலும் இருக்காது, வண்டிகளும் குறைவு. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். முதல் பயணத்துக்கு அந்தக் கூட்டம் வேண்டாம்.

ஏறும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் போவோம், அது சுலபம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டம். அங்கே சாலை சட்டென்று நிமிரும். பாதி வளைவில் வண்டி திணற, பதற்றத்தில் கிளட்சைப் பிடித்து, பின்னால் ஆளோடு சாய்ந்து விழுவது பெரும்பாலும் அங்கேதான். வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். உள்ளே போனபின் கிளட்சைத் தொடாமல் ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். முகத்தைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். கண் போகிற பக்கம் வண்டி போகும்.

பேருந்து வந்தால் வளைவு முழுவதும் அதற்குத்தான். ஹாரன் சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டிவிடுங்கள். குறுகிய இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் பேருந்திடம் அதை எதிர்பார்த்து நிற்காதீர்கள்.

மேலே போனால் மரமெல்லாம் மிளகுக்கொடி, சோளக்காடு என்ற ஊரில் பலாவும் அன்னாசியும், ஆயிரம் மீட்டருக்கு மேல் வீசும் காற்று. அறப்பளீஸ்வரர் கோயிலை நிதானமாகப் பாருங்கள். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்ப ஏறி வந்ததும் தொடை நடுங்கும். அந்தக் காலோடுதான் பின் பிரேக்கை மிதிக்கப் போகிறீர்கள். அதனால் அருவிக்குப் போனால் சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து எழுந்து கிளம்புங்கள்.

இனி இறக்கம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்ப்பீர்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கியரில் இருக்கும் வரை என்ஜின்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. நியூட்ரலில் அந்தப் பாரம் முழுவதும் பிரேக் மேல் இறங்கும். இருபது வளைவுக்குள் டிரம் பிரேக் சூடேறிக் கருகல் வாடை வரும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக் என்றால், பழைய பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது கொதித்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, தானாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு குறைவு. அதனால்தான் உங்கள் கியர் வண்டியிலேயே போகச் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு மேல் தாமதிக்காமல் இறங்கத் தொடங்குங்கள். காரவள்ளி வந்ததும் வண்டியை நிறுத்தி, பின் டிரம்மைத் தொடாமல் புறங்கையை மட்டும் அருகில் கொண்டுபோங்கள். அனல் முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தால் கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். வெதுவெதுப்பு மட்டும்தான் என்றால், சரியாக இறங்கியிருக்கிறீர்கள்.