கொடியைப் பாருங்கள், பீரோவை அப்புறம் திறக்கலாம்

கேள்வி: "திருச்சியில் இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், மாமியார் என ஐந்து பேர். இரண்டு பீரோ, பரணில் மூட்டைகள், கட்டிலுக்கு அடியில் நான்கு பை என்று எங்கே திரும்பினாலும் துணிதான். ஆனாலும் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது ஒரு ஜோடி சாக்ஸ் கிடைக்காமல் தினமும் சத்தம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். அதில் மறைந்த மாமனாரின் சட்டை ஒன்றும் போய்விட்டது. மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 'இனிமேல் பீரோவில் கை வைக்காதே' என்கிறார் கணவர். என்னிடம் மட்டும் 19 பட்டுப் புடவைகள் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு மூன்றுதான் கட்டுகிறேன். யார் மனமும் நோகாமல் துணியைக் குறைக்க முடியுமா?"
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புத் தோழி, முதலில் அந்தச் சட்டையைப் பற்றிப் பேசிவிடுவோம். அது மனதில் கிடக்கும்வரை நீங்கள் ஒரு கைக்குட்டையை எடுத்தாலும் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். போன சட்டை திரும்பி வராது. ஆனால் மாமியாரிடம் போய், "கேட்காமல் கொடுத்தது என் தப்பு அத்தை, இனி உங்கள் பீரோத் தட்டில் உங்களைக் கேட்காமல் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். மாமனாரின் வேட்டி, துண்டு, கண்ணாடிக்கூடு என்று இன்னும் மிச்சம் இருந்தால், நல்ல தட்டாக ஒன்றை ஒழித்து அதற்கென்றே கொடுங்கள். அந்தத் தட்டைக் குறைக்கும் பேச்சே வேண்டாம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு தட்டு பெரிய இடமே இல்லை.

அடுத்து, இந்த வேலையைப் பீரோவில் தொடங்காதீர்கள். பீரோவைத் திறந்தால் எல்லாத் துணியும் நல்ல துணியாகத்தான் தெரியும். "இது தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது, இது ஒரு தடவைதான் போட்டது, இது இளைத்தால் போடலாம்" என்று ஒவ்வொன்றும் ஒரு காரணம் சொல்லும். கட்டில் முழுக்கப் பரப்பிவிட்டுச் சாயங்காலம் எல்லாவற்றையும் அப்படியே உள்ளே அடைத்தவர்கள் எத்தனையோ பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் மொட்டை மாடிக் கொடியைப் பாருங்கள். இரண்டு வாரம் வேறு எதுவும் செய்ய வேண்டாம். துவைத்துக் காயப்போடும்போது எந்தத் துணி திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். நான் இதை என் வீட்டில் செய்து பார்த்தேன். பீரோவில் 30 சுடிதாருக்கு மேல் இருந்தது. கொடிக்கு வந்ததோ அதே எட்டு. என் கணவரின் சட்டையில் ஆறு. பையனுக்கு இரண்டு டிராயரும் சாயம் போன ஒரு நீலப் பனியனும்தான் மாறி மாறி வந்தன. நாங்கள் உடுத்துவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாங்கள் வைத்திருப்பது. இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், எதை எடுப்பது எதை விடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கொடிக்கு வந்து இறங்கும் துணிகளை மடித்துக் கண் உயரத்தில் இருக்கும் தட்டில் வையுங்கள். அந்தத் தட்டில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் சாக்ஸ் சண்டைக்கும் இதுதான் மருந்து. சாக்ஸ் இல்லாமல் போகவில்லை, வேண்டாத துணிகளுக்கு நடுவே புதைந்து கிடக்கிறது. பிள்ளைகளின் சாக்ஸையும் உள்ளாடையையும் மட்டும் வாசல் பக்கம் ஒரு கூடையில் போட்டு வைத்தால் போதும். மடிக்கக்கூட வேண்டாம்.

இரண்டு வாரம் ஆனதும் உங்கள் தட்டை மட்டும் பிரியுங்கள். கணவருடையதை அவர் பார்க்கட்டும். உங்கள் பக்கம் காலியாகி, துணி சரியாமல் பீரோக் கதவு சாத்துவதை அவர் தினமும் பார்ப்பார். வாயால் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

உங்கள் பக்கத்தில் ரவிக்கைகளிலிருந்து தொடங்குங்கள். புடவை கட்டாமல் கிடப்பதற்குப் பாதி நேரம் புடவை காரணமே இல்லை, ரவிக்கைதான் காரணம். கை இறுக்கமாக இருக்கும், கொக்கி போயிருக்கும், அல்லது வாங்கி மூன்று வருடமாகியும் ரவிக்கைத் துணியைப் புடவையிலிருந்து வெட்டியே இருக்க மாட்டோம். ரவிக்கையைத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல தையல்காரர் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று வரிசை தைத்திருப்பார். உள்வரிசை ஒன்றைப் பிரித்தாலே போதுமான அளவு லூசாகும். ஒரு மத்தியானம் கத்தரியும் ஊசியும் எடுத்து உட்கார்ந்தால் நான்கைந்து புடவைகளுக்கு உயிர் வந்துவிடும். ரவிக்கை சரியான பிறகும் கட்ட மனம் வராத புடவையைத்தான் கொடுக்கும் பக்கம் வைக்க வேண்டும்.

நவராத்திரிக்கும் சீமந்தத்துக்கும் வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்த ஜாக்கெட் பிட்டுகள் ஒரு பை நிறைய இருக்குமே? அவற்றை இன்னொருவர் தாம்பூலத்தில் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். அது ஊர் சுற்றிவிட்டு மறுபடி உங்களிடமே வரும். பக்கத்தில் தையல் பழகும் பெண்கள் இருந்தால் பையோடு கொடுங்கள். வெட்டிப் பழகத் துணி இல்லாமல் பழைய செய்தித்தாளில் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகள் துணிக்கு வருடத்தில் இரண்டு நாள் போதும். ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒன்று, தீபாவளிக்குத் துணி எடுக்கும் முன் ஒன்று. போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறாதது வெளியே. மகளுக்கு 12 வயது என்கிறீர்கள். அவள் துணியை அவளே பிரிக்கட்டும். உங்களுக்குப் பிடித்த பட்டுப் பாவாடையை அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆசையாக இருந்தால் நீங்களே ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாகிப்போன யூனிஃபார்மை அதே பள்ளியில் கீழ் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டுக்கு மே மாதமே கொடுத்துவிடுங்கள். ஜூலையில் கொடுத்தால் யாருக்கும் உதவாது, அதற்குள் எல்லோரும் வாங்கியிருப்பார்கள்.

வெளியே எடுத்ததை என்ன செய்வது? இதில்தான் நாம் நிறையத் தவறு செய்கிறோம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தது, பட்டன் இல்லாதது, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத வகை என்று எல்லாம் கலந்து கிடந்தது. வீட்டையும் படகையும் இழந்திருந்தாலும் அடுத்தவர் உடுத்திக் கழித்த கந்தலைக் கட்ட அந்த மக்களுக்கு மனமில்லை. அது நியாயம்தானே? துணி சாலையோரத்திலேயே குவிந்து கிடந்தது. டெல்லியில் 1999-ல் தொடங்கிய கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பினர் வந்து, கிடந்ததைத் திரட்டித் தரம் பிரித்துப் பயன்படுத்தினார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணியை மாதவிடாய்த் துணியாகத் தைக்கும் வேலையையும் அவர்கள் செய்கிறார்கள். அதனால் கொடுக்க எடுத்த ஒவ்வொன்றையும் உங்கள் தங்கைக்குக் கொடுப்பதாக நினைத்துப் பாருங்கள். துவைத்து, பட்டன் தைத்து, பேன்ட்டில் ஜிப் ஓடுகிறதா என்று பார்த்து, புடவை என்றால் ரவிக்கையும் பாவாடையும் சேர்த்து வைத்துக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் நீட்டும் முன் "உங்களுக்கு வேணுமா, வேண்டாம்னா சொல்லுங்க" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

கிழிந்ததைக் கொடுக்காதீர்கள், ஆனால் குப்பையிலும் போடாதீர்கள். பழைய நூல் புடவைக்கு இணையான துணி கடையில் கிடையாது. பத்து வருடம் துவைத்துத் துவைத்து அது பூவாக மாறியிருக்கும். அதனால்தான் பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினார்கள், பாட்டி புடவையில் தூளி கட்டினார்கள். உறவில் யாராவது பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தால் நாலு புடவையைத் துவைத்து வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியை எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போடக்கூடாது. பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். மீதி நூல் துணியைச் சதுரமாக வெட்டினால் அடுப்படிக்குக் கரித்துணி. பழைய பனியனை வண்டி துடைக்க வைத்துக்கொள்ளலாம். திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட்டைத்தானே மெக்கானிக் கடைகளில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் வந்தால் பேரம் பேசிக் கொடுங்கள், அதில் வெட்கமே வேண்டாம். ஆனால் அவர் கொடுக்கும் பாத்திரத்துக்குச் சமையலறையில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகிக்கு மட்டும் எரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் எரித்தது நூல் துணியும் பாயும். இப்போது நம் துணியில் நிறைய பாலியஸ்டர் கலந்தது. எரித்தால் பிளாஸ்டிக்கை எரித்த புகைதான், தெருவில் மூச்சிரைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இனி வரும் துணிக்கும் ஒரு வார்த்தை. ஆடித் தள்ளுபடிக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து, என்ன இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சீட்டில் "கறுப்பு லெக்கின்ஸ், பையனுக்கு இரண்டு பனியன்" என்று இருந்தால் அதை வாங்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். கணவருக்குச் சட்டை எடுப்பதாக இருந்தால், காலர் நைந்த ஒன்று அன்றே துடைக்கும் துணியாகட்டும்.

சரி, அந்த 19 பட்டுப் புடவைகள். இவற்றைக் குறைக்க அவசரப்படாதீர்கள், முதலில் காப்பாற்றுங்கள். என் பாட்டியின் அரக்குப் புடவை ஒன்று என்னிடம் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரே மடிப்பில் பதினொரு வருடம் வைத்திருந்தேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எடுத்து உதறினேன். மடிப்பு மடிப்பாக, கோடு போட்டதுபோல் ஜரிகைக் கரையோரம் கிழிந்து கையோடு வந்துவிட்டது. பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. உலோகம் ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்தால் முறியும், பக்கத்துப் பட்டையும் அறுக்கும். எனவே எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்துப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ சின்னத் துணியில் முடிந்து ஓரமாக வைத்தாலே போதும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். அப்படி விரித்துப் பார்க்கும்போதுதான் எது உங்களுக்கு, எது தங்கைக்கு, எது நாத்தனாருக்கு நன்றாக இருக்கும் என்று தெரியும். கொடுப்பதாக இருந்தால் அவர்கள் கட்டி அனுபவிக்கும் வயதிலேயே கொடுத்துவிடுங்கள். நைந்து போனதை வாங்க ஆள் உண்டு. உள்ளே இருக்கும் வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, அசல் ஜரிகைதானா என்று கேட்டுத் தெளிந்து, இரண்டு இடத்தில் விலை விசாரியுங்கள்.

இந்த மடிப்பு மாற்றும் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். ஆறு கஜப் பட்டை ஒருவர் சுருக்கம் விழாமல் மடிக்க முடியாது, எதிர் முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அத்தையைக் கூப்பிடுங்கள். அவரது புடவைகளையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.