அந்த ஒற்றை வரி – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து இறைச்சி தொடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குப் போகிறேன். தினமும் ஜெபமாலை சொல்கிறேன், ஆனால் வாய்தான் சொல்கிறது. நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனது. அதிலிருந்து எல்லாமே வேஷம் போலத் தோன்றுகிறது. அம்மா போன பிறகு எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. ஈஸ்டருக்குள் அந்த உறவைப் புதுப்பித்துவிட ஆசை. நோன்பை இன்னும் கடுமையாக்கினால் சரியாகுமா?

எம்.

அன்புள்ள எம்.,

இறைச்சி, சிலுவைப்பாதை, ஜெபமாலை என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. ஆண்டவரிடமும் இப்படித்தான் பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது. சொல்ல வேண்டியதைத் தொடாமல் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் மனம் எப்படி ஒட்டும்?

நோன்பைக் கடுமையாக்க வேண்டாம், இப்போது இருப்பதே போதும். விட்டுப்போன நாட்களையும் விட்டுத்தள்ளுங்கள். உடைகளை அல்ல, இதயத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பி வாருங்கள் என்று தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று திருவிவிலியத்தின் யோவேல் நூலிலிருந்து வாசிப்பார்கள். கிழிந்த இதயம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மூடி மறைத்துக்கொண்டு கோவிலுக்குப் போகிறீர்கள், அதுதான் சிக்கல்.

இன்றிரவு ஜெபமாலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு திருவிவிலியத்தின் 88ஆம் திருப்பாடலை (சங்கீதத்தை) வாய்விட்டு வாசியுங்கள். அழுது புலம்பும் திருப்பாடல்கள் பெரும்பாலும் முடிவதற்குள் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். 13ஆம் திருப்பாடலில்கூட, எதுவரை என்னை மறந்திருப்பீர் என்று கேட்டவர் ஆறே வசனத்தில் பாட ஆரம்பித்துவிடுகிறார். 88 அப்படித் திரும்புவதே இல்லை. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் இருளில் போய் நிற்கிறது. அதற்கும் திருவிவிலியத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு கோபமாகப் பேசுகிறவர் ஆண்டவரை விட்டுப் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஆண்டவர் முகத்தைப் பார்த்தே கேட்கிறார். வாசித்து முடித்ததும் அம்மாவைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தையில் பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

அப்புறம், ஈஸ்டருக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மகன் தகப்பனிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிறான். பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும். ஆனால் வீட்டு வாசலில் கூலியாள் என்ற பேச்சை எடுக்கவே முடியவில்லை. அதற்குள் தகப்பன் பணியாளர்களிடம் நல்ல ஆடையைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அவன் தொலைவில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டித் தழுவியவர் அவர். உறவைப் புதுப்பிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில் இல்லை, எம். பாதிக்கு மேல் ஆண்டவர் பக்கத்திலிருந்து நடக்கிறது.

ஒப்புரவு அருளடையாளத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்ய, போவீர்கள்தானே? ஜெபமாலை தவறிய கணக்கோடு நிறுத்திவிடாமல், ஆண்டவர்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதையும் குருவிடம் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வரை காத்திருந்தால் கூட்டம் அதிகமாக இருக்கும், நின்று பேச நேரம் கிடைக்காது. இந்த வாரமே போங்கள்.