ஏரிக்கரையில் குடில் போட்டு வாழ்ந்தால் உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: "நகரத்தை விட்டுவிட்டு ஏரியும் புதரும் பறவையுமாக இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு குடில் போட்டு வாழ ஆசை. அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

இருந்திருக்கிறேன், இரண்டு வருஷமும் ஏழு மாசமும். சேலத்தில், சேர்வராயன் மலை அடிவாரத்து ஏரி ஒன்றை ஒட்டி. ஏரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போதே போதும்.

குடில் என்றதும் படத்தில் வருகிற மரவீட்டை நினைக்காதீர்கள். என் மாமாவுக்கு அங்கே ஒரு பாக்குத்தோப்பு. அதில் ஒரு மோட்டார் ரூம். அதை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி, பழைய ஓடு வாங்கிப் போட்டு, முன்னால் ஒரு திண்ணை கட்டினோம். ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, லேப்டாப் வைக்க ஒரு பெஞ்சு. நெட்வொர்க் வேண்டுமென்றால் ஏரிக்கரை மேல் ஏறி மதகுப் பக்கம் நிற்க வேண்டும். மீட்டிங் எல்லாம் மதகு மேல் உட்கார்ந்துதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் ஏரி ஒரே இடத்தில் நிற்காது. நடக்கும். நான் போனது சித்திரையில், அதற்கு முந்தைய வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. தண்ணீர் என் திண்ணையிலிருந்து இருநூறு அடி தள்ளிக் கிடந்தது. 'இவ்வளவு தூரமா' என்று அலுத்துக்கொண்டு, தோப்பின் எல்லைக்கு அப்பால் சரிவில் இறங்கி, மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து ஒரு பந்தல் போட்டேன். மாலையில் டீ டம்ளரோடு உட்கார.

ஏரியில் மீன் குத்தகை எடுத்தவருக்குக் காவல் இருக்கிற அண்ணன் ஒருவர் உண்டு. பரிசலில் வந்துகொண்டிருந்தவர் நான் குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டுத் துடுப்பை நிறுத்தினார்.

"தம்பி, அந்தப் பனையப் பாத்தீங்களா?"

பார்த்தேன். பந்தலுக்கும் மேலே, தோப்போரமாக ஒரு பனை. அதன் அடிமரத்தில் என் இடுப்பு உயரத்துக்கு வெளுத்த சேறு படிந்து ஒரு கோடு. அதற்குக் கீழே மரம் ஒரு நிறம், மேலே வேறு நிறம்.

"அது எப்பவோ வந்ததுங்கண்ணா."

"எப்பவோ வந்தது இப்ப வராதுங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாதம் பண்ணுகிற ஆள் இல்லை.

ஐப்பசியில் வந்தது. அந்த ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு ராத்திரிக்காக இந்த வாழ்க்கை வாழலாம். அடிவாரத்தில் ஒரு பொட்டு மழை இல்லை. மலை மேல் மட்டும் சாயங்காலத்திலிருந்து இடி. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர்தான். ஏற்காடு 1,500 மீட்டர். அவ்வளவு உயரத்தில் கொட்டுகிற மழை செங்குத்தாக ஓடையில் இறங்கும்போது நமக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. ஒன்பது மணிக்கு ஒரு சத்தம், முறத்தில் பயறு புடைக்கிற மாதிரி. காற்று என்று நினைத்தேன். நிற்கவே இல்லை. டார்ச் அடித்தால், வறண்ட ஓடையில் ஒரு நாக்கு மாதிரி செம்மண் தண்ணீர் நகர்ந்து வருகிறது. முன்னால் நுரை. நுரைக்குள் சருகு, குச்சி, காப்பித் தோட்டத்து இலை, சிப்ஸ் பாக்கெட், ஒற்றைச் செருப்பு. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வீசப்பட்டதெல்லாம் கீழேதான் வந்து சேரும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் திண்ணைச் சுவரைப் பார்த்தேன். எறும்பு, கோடு கோடாக, வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு ஓட்டுக்கு ஏறுகிறது. தரையில் பூரான் இரண்டு. வாசல்படியில் தேரை, ஒன்றல்ல, பத்துப் பதினைந்து, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. ஏரிக்குள் வறண்ட மாசங்களில் குடியேறிய அத்தனையும் மேட்டைப் பார்த்து ஏறி வருகின்றன. மேடு என்பது என் வீடு. விடியும்போது திண்ணை மூலையில் ஒரு தண்ணிப்பாம்பு சுருண்டு கிடந்தது. விஷமில்லாதது, ஆனால் தொட்டால் கடிக்கிற கோபக்காரன். மூன்றாம் நாள் பந்தலின் கீற்று மட்டும் தெரிந்தது. ஒரு வாரத்தில் அதுவும் இல்லை. ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிற்று. பனையின் கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது.

ஆக, இடம் பார்க்கிறவர்களுக்கு என் முதல் புத்திமதி: வெயில் காலத்தில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். மரத்தின் அடியைப் பாருங்கள். பட்டா நிலமா, ஏரி உள்வாய்ப் புறம்போக்கா (ஏரிக்குள் அடங்கிய அரசு நிலமா) என்று புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். "ரொம்ப வருஷமா எங்க அனுபவத்துலதான் இருக்கு" என்று யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். என் பந்தல் நின்ற இடமும் கணக்குப்படி ஏரிக்குச் சொந்தம்தான். வருவாய்த் துறைக்கு வேலை வைக்காமல் ஏரியே அகற்றிவிட்டது.

இரண்டாவது, யாரும் எழுதாத விஷயம்: கக்கூஸ். ஏரி நிறைந்தால் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். செப்டிக் டேங்க் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இடம் இருக்காது. கார்த்திகை பூரா எங்கள் டேங்க் எதிர்த்து நின்றது. தண்ணீர் ஊற்றினால் போகாது. போனதும் திரும்பி வரும். கடைசியில் தோப்பின் மேல் வரப்போரம் தரையை நாலு அடி உயர்த்திப் புதிதாகக் கட்டினோம். வீட்டுக்கு ஆன செலவில் பாதி இதற்கு ஆனது. கிணறோ போரோ பக்கத்தில் இருந்தால் குடிக்கிற தண்ணீரும் கெடும். நான் குடிக்க மேட்டூர்த் தண்ணீரை ஊருக்குள்ளிருந்து குடத்தில் வண்டியில் வைத்துத்தான் கொண்டுவருவேன். ஏரியைப் பார்த்துக்கொண்டே, தண்ணீர்க் குடத்தை முட்டுக் கொடுத்துக்கொண்டு போகிற கொடுமையை என்னவென்று சொல்ல.

கொசு பற்றிக் கேட்பீர்கள். நானும் பயந்துதான் போனேன். திறந்த தண்ணீரில் மீனும் தட்டானும் இருக்கிற வரை பெரிய தொல்லை இல்லை. டெங்கு பரப்புகிற கொசுவுக்கு ஏரி தேவையில்லை, நல்ல தண்ணீர் தேங்கிய டிரம்மும் தேங்காய்ச் சிரட்டையும் போதும். என்னைப் பகலில் கடித்தவை நான் மூடாமல் வைத்த டிரம்மில் பிறந்தவை. ஆனால் ஆகாயத்தாமரை மண்டினால் கதை வேறு. அதன் வேரில் குத்திக்கொண்டு தண்ணீருக்கடியிலேயே மூச்சுவிடுகிற புழு உள்ள கொசு இனம் ஒன்று இருக்கிறது. மருந்து அடித்தாலும் எண்ணெய் ஊற்றினாலும் அதற்கு உறைக்காது. செடியை அகற்றுவதுதான் வழி. முதல் தை மாசம் நானும் அந்த அண்ணனும் கொக்கிக் கழி போட்டு எங்கள் ஓரத்து ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையேற்றினோம். நாலு நாள் இடுப்பு நிமிரவில்லை. பங்குனிக்குள் திரும்ப வந்துவிட்டது.

பாம்பு? உண்டு. ஆனால் ஏரிப் பாம்பைவிடத் தோப்புப் பாம்பைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். எலி இருந்தால் கண்ணாடி விரியன் வரும், விறகுக் குவியலில் படுக்கும். கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வருவது. தரையில் படுத்தவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது, அதுதான் அதன் ஆபத்து. நான் ஒருநாளும் தரையில் படுத்ததில்லை. கட்டில், கொசுவலை, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுவது. ராத்திரி எழுந்தால் டார்ச் இல்லாமல் காலைக் கீழே வைப்பதில்லை. கடித்தால் கத்தி, கயிறு, பச்சிலை எதுவும் வேண்டாம். 108-க்குப் போன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. இந்த இரண்டுக்கும், நாகத்துக்கும், சுருட்டை விரியனுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

சில்லறைத் தொல்லைகள்: தூள் உப்பு கசிந்து ஓடும், கல் உப்பு வாங்குங்கள். தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வையுங்கள். துணி எப்போதும் ஒரு பாசி வாசனை வீசும். ஊருக்குள் போனால் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

சரி, இவ்வளவுக்கும் ஏன் இருந்தேன்? பறவைக்காக என்று சொன்னால் பெருமையடிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு முன்னாலேயே சேலத்தில் இந்தப் பைத்தியம் உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் சேலம் மக்கள் குழு இறங்கித் தூர்வாரி, அள்ளிய மண்ணையே நடுவில் திட்டுத் திட்டாகக் கொட்டி மரம் வைத்தார்கள். பறவை வந்து குடியேறியது. நான் முதன்முதலில் பாம்புத்தாராவைப் பார்த்தது அங்கேதான். கழுத்து மட்டும் பாம்பு மாதிரி தண்ணீருக்கு மேல் வரும், உடம்பு தெரியாது. எங்கள் ஏரியில் நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி எல்லாம் தினப்படி. ஆள்காட்டிக் குருவிதான் என் வாட்ச்மேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கரையில் யாராவது நடந்தால் அது கத்துகிற கத்தலில் செத்தவனும் எழுந்துவிடுவான். திருட்டு வலை போட வந்தவர்களை இரண்டு தடவை அது பிடித்துக் கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒன்று. பறவை அதிகம் வருவது ஏரி நிறைந்திருக்கும்போது அல்ல. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வரும்போது. மீனும் நத்தையும் ஒரே இடத்தில் ஒதுங்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாம் பந்தியில் உட்காருகிற மாதிரி வரிசையாக நிற்கும். நாற்றம் தாங்காது, அது வேறு. மூட்டமான நாள் இரண்டு மூன்று தொடர்ந்தால் விடியற்காலையில் ஜிலேபி மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டதாம். "மூச்சு முட்டுதுங்க அதுங்களுக்கு" என்று அண்ணன் பரிசலை எடுத்துப் போய்த் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டே சுற்றுவார். நானும் ஒருநாள் கூடப் போனேன். பயன் இருந்ததா தெரியாது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபின் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சித்திரையில் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடு மேயும். 'ஏரிக்கரை வீடு' என்று பீற்றிக்கொள்ள முடிவது வருஷத்தில் நாலைந்து மாசம்தான். அதுவும் நிச்சயமில்லை. 1911-ல் சேலத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கக் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரியே வருஷக்கணக்கில் வறண்டு, சீமைக்கருவேலங்காடாகக் கிடந்ததைப் பார்த்த ஊர் இது.

தனிமை பற்றியும் ஒரு வரி. திங்கள் முதல் சனி வரை இருக்கும். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தால் மலைப்பாதையில் ஏறுகிற வண்டிகளின் விளக்கு வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து தெரியும், எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். ஞாயிறு காலை மட்டும் சாக்குப்பை எடுத்துக்கொண்டு கரையில் பாட்டில் பொறுக்க வேண்டும். பரிசலில் வெறுங்காலோடு இறங்குகிறவருக்கு உடைந்த கண்ணாடி என்றால் என்னவென்று அந்தக் குடிகாரர்களுக்குத் தெரியாது.

பிறகு அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று வந்துவிட்டேன். இப்போது அஸ்தம்பட்டியில் மூன்றாவது மாடி. மொட்டை மாடியிலிருந்து அதே மலைப்பாதை விளக்கு தெரிகிறது. போன ஐப்பசியில் ஒருநாள் மலை மேல் இடி இடித்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, தண்ணி வந்துடுச்சுங்களா?"

"பனையில முட்டிக்கு நிக்குது தம்பி. உங்க பந்தல் மூங்கில் ஒண்ணு மெதந்து வந்துருக்கு. வேணுமா, இல்ல நான் வச்சுக்கட்டுமா?"